தஞ்சாவூரில் ஜெட் இறங்காது, முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். தை கடைசியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் மும்பை மாட்டுங்காவில் இருக்கிறார்கள். அவர்களில் பெரியவர்களாக ஒன்பது பேரைத் தனி விமானத்தில் அழைத்து வந்து, கல்யாணம் முடிந்ததும் திருப்பி அனுப்ப ஆசை. ஒரு ஏஜென்ட், “ஒரு முதலாளியின் சொந்த ஜெட், மணிக்கு 2 லட்சம்தான், தஞ்சாவூரிலேயே இறக்கிவிடுகிறேன்” என்கிறார். 4 லட்சம் ரொக்கமாக முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல், விமானத்தை வாடகைக்கு விடும் சார்ட்டர் கம்பெனிகளின் ஆப்பரேஷன்ஸ் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். உங்கள் ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலில் தஞ்சாவூர். அங்கே ஓடுபாதை இருக்கிறது, வல்லம் பக்கம் போகும்போது தலைக்கு மேல் விமானம் உறுமுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அது விமானப்படைத் தளம். 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 போர் விமானப் பிரிவு அங்கே இருக்கிறது. கல்யாண கோஷ்டியை இறக்கிவிட அது பஸ் ஸ்டாண்டு இல்லை. “எனக்கு உள்ளே ஆள் இருக்கு” என்று ஏஜென்ட் சொன்னால், அந்த ஆளை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். உங்களுக்கு உள்ள விமான நிலையம் திருச்சிதான். அங்கிருந்து துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஜெட்டில் வந்தாலும் இந்த இரண்டு மணி நேரத்தைக் காரில் உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டும்.

அடுத்தது மணிக்கு 2 லட்சம். கும்பகோணத்திலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு டாக்சி பேசினால், வண்டி காலியாகத் திரும்புகிற கிலோமீட்டருக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம்? விமானத்திலும் அதே கணக்குதான், யாரும் முதலில் சொல்வதில்லை, அவ்வளவுதான். மும்பையிலிருந்து திருச்சி சுமார் 1,100 கிலோமீட்டர், சின்ன ஜெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். போக வர மூன்றரை மணி, 7 லட்சம் என்று நீங்கள் மனதில் போட்டிருப்பீர்கள். விமானம் மும்பையில் நிற்பது என்றே வைத்துக்கொள்வோம்: ஆட்களோடு வரும், காலியாகத் திரும்பும், கல்யாணம் முடிந்ததும் காலியாக வரும், ஆட்களோடு போகும். ஆக ஏழு மணி நேரம், 14 லட்சம். ஜிஎஸ்டி, தரையிறங்கும் கட்டணம், பார்க்கிங் எல்லாம் தனி. திருச்சியிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னால் பைலட்டுகளுக்கு ஹோட்டல் உங்கள் செலவு, அது போக, பறக்காத நாளுக்கும் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று பல கம்பெனிகள் பில்லில் சேர்ப்பார்கள். “எம்ப்டி லெக் இருக்கு, பாதி விலை” என்று யாராவது வந்தால் முகூர்த்தத்துக்கு அதை நம்பாதீர்கள். எம்ப்டி லெக் என்பது வேறொருவர் பயணத்தில் காலியாகப் பறக்கிற மிச்சம், அவர் தேதியை மாற்றினால் உங்கள் விமானமும் மாறிவிடும்.

சரி, இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன்: “முதலாளியின் சொந்த ஜெட்.” கேட்கக் கௌரவமாக இருக்கும், ஆனால் இங்கேதான் நான் மிகவும் பயப்படுவேன். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான விமானத்தைக் காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடக்கூடாது. வாடகைக்கு ஓட்ட, மத்திய அரசின் விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ கொடுக்கும் நான்-ஷெட்யூல்டு ஆப்பரேட்டர் பர்மிட் வேண்டும், எங்கள் வட்டாரத்தில் என்எஸ்ஓபி என்போம். ஒயிட் போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரில் போர்டின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும், விமானத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, இந்தியாவில் பதிவான எல்லாவற்றிலும் விடி (VT) என்றுதான் எழுதியிருக்கும். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான், கேட்டுவிட்டுக் கையை விரித்துவிடுவார்.

ஒரு விலக்கு இருக்கிறது. அந்த முதலாளி உங்கள் நண்பரோ உறவினரோ ஆக இருந்து, “என் விமானத்தில் உன் சம்பந்தியைக் கூட்டி வா, காசு வேண்டாம்” என்று விருந்தாளியாக ஏற்றினால் தப்பில்லை. காசு வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம். “வாடகை வேண்டாம், பெட்ரோல் மட்டும் போட்டுக் கொடுங்க” என்றால் அது வாடகைதான். பைலட்டுக்குக் கவர், கோயிலுக்கு நன்கொடை, அவர் கம்பெனியிடம் வாங்காத சரக்குக்கு பில், இதெல்லாம் வாடகையைச் சுற்றிக் கொடுப்பதுதான். உங்கள் மண்டியிலிருந்து ஐம்பது மூட்டை பொன்னி அனுப்பி “கணக்கில் நேர் செய்துக்கலாம்” என்றாலும் அதே கதைதான். அந்த முதலாளியோடு நீங்கள் இதுவரை ஒருமுறையாவது பேசியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை, ஏஜென்ட் இதைச் சொல்லித் தப்பிக்கவும் விடாதீர்கள்.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? விமானத்தின் பதிவு எழுத்துகள். விடி என்பதற்குப் பின்னால் மூன்று எழுத்து வரும். அந்த மூன்று எழுத்தும், ஆப்பரேட்டர் பெயரும், அந்த விமானம் அவருடைய பர்மிட்டில் சேர்ந்திருப்பதைக் காட்டும் பக்கமும். பர்மிட்டின் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள், அது போதாது, கம்பெனிக்குப் பர்மிட் இருந்தாலும் வரப்போகிற விமானம் அதில் இல்லாமல் போகலாம். பர்மிட் வைத்திருப்பவர்களின் பட்டியலை டிஜிசிஏ இணையத்தில் போடுகிறது. போடுகிறதே தவிர, அதைத் தேடி எடுப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். எல்லாம் ஆங்கிலம், எல்லாம் பிடிஎஃப், சாதாரண மனுஷனுக்கு இந்த விமானம் வாடகைக்கு ஓடலாமா என்று மூன்று எழுத்தைத் தட்டினால் ஆம், இல்லை என்று சொல்கிற ஒரு பக்கம் கூடவா போடக்கூடாது? இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

ஏஜென்ட் எல்லாருமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் ஆப்பரேட்டரின் கம்பெனிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், கோட்டேஷன் ஆப்பரேட்டர் பெயரில் வர வேண்டும், ரத்தானால் எத்தனை நாளைக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே காரியத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017-லேயே தடுத்துவிட்டது. உங்களிடம் 4 லட்சம் ரொக்கமாகக் கேட்கும்போதே தெரியவில்லையா?

சில வருஷத்துக்கு முன் மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று திருச்சியில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது. அவர்கள் ஏஜென்ட்டிடம் முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, ஏஜென்ட் எங்களுக்குக் கட்டியது பாதிதான். விமானம் வெளியே நிற்கிறது, மீதி கணக்கில் ஏறாமல் கிளப்ப முடியாது என்று ஆபீஸ் சொல்கிறது, ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப். பெண்ணின் அம்மா பன்னிரண்டு சீர்த்தட்டுகளை வரிசையாக நாற்காலியில் வைத்துக்கொண்டு, மல்லிகை வாடிவிடும் என்று பாட்டில் தண்ணீரை விரலால் தெளித்துக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரம். அவரிடம் போய் ரசீது கேட்க வேண்டிய வேலை என்னுடையது.

தட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. தனி விமானம் என்றால் சோதனை கிடையாது என்று நினைக்காதீர்கள். ஒன்பது பேருக்கும் அடையாள அட்டை வேண்டும், பாதுகாப்புச் சோதனையும் உண்டு, தட்டில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தால் எடுத்துவிடுவார்கள். அப்புறம், ஒன்பது பேர் என்பதே இடிக்கிறது. சின்ன ஜெட்டுகளில் ஆறு, ஏழு, எட்டு இருக்கைதான், சாமான் அறை ஒரு பீரோ அளவு. ஐந்தடிக் குத்துவிளக்கோடு வந்தால் விளக்கா மாமாவா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பெரிய விமானம் எடுத்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் ஏறும்.

நேரமும் உங்கள் இஷ்டம் இல்லை. மும்பையில் நெரிசல் நேரத்தில் தனி விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, பைலட்டுகளுக்கு வேலை நேர வரம்பு உண்டு. மாமி இன்னும் கிளம்பவில்லை என்று மூன்று மணி நேரம் தள்ளினால் அன்றைக்குப் பறக்க முடியாமலே போகலாம். காலை முகூர்த்தம் என்றால் முந்தின நாள் மதியத்துக்குள் திருச்சியில் இறங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு அந்த மூன்று எழுத்தைக் கேளுங்கள். “அட்வான்ஸ் வந்ததும் சொல்றேன்” என்றால் போனை வைத்துவிட்டு, ஒன்பது பேருக்கும் சாதாரண விமானத்தில் டிக்கெட் போடுங்கள், திருச்சியிலிருந்து இரண்டு இன்னோவா பேசிவிடுங்கள். எழுத்து வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.