சட்டையைப் பார்த்து எடைபோடும் கார் ஷோரூம்: என்ன செய்யலாம்?

கேள்வி: வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். வேலை முடிந்த கையோடு, கறை படிந்த சட்டையுடன் ஒரு கார் ஷோரூமுக்குப் போனேன். அரை மணி நேரம் யாரும் அருகில் வரவில்லை. நானே போய்க் கேட்டதும், "அது விலை கூடிய மாடல், பழைய கார் பார்க்கலாமே" என்றார் விற்பனையாளர். பணம் தயாராகத்தான் இருக்கிறது. அடுத்த முறை நல்ல உடை உடுத்திப் போக வேண்டுமா?

பதில்: உடை உங்கள் விருப்பம். அதை நம்பி மட்டும் போகாதீர்கள்.

கார் விற்பனையாளர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவன் நான். உங்களுக்கு நடந்தது எனக்குப் புதிதல்ல. ஆனால் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. விற்பனையாளரின் வருமானத்தில் ஊக்கத்தொகைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இன்று யார் வாங்குவார் என்பதை முதல் நிமிடத்திலேயே ஊகிக்கப் பார்க்கிறார்: செருப்பு, கைக்கடிகாரம், வந்து இறங்கிய வண்டி. பட்டறை முதலாளி கறைச் சட்டையோடு வருவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பளபளப்பாகப் போனால் உபசரிப்பு கிடைக்கும். கூடவே, இவர் பேரம் பேசமாட்டார் என்ற எண்ணமும் வரும். தரக்கூடிய தள்ளுபடி உள்ளேயே நின்றுவிடும். உடையால் தீராத பாகுபாடும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் இயன் ஏயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் நடத்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ஒரே மாதிரி உடுத்தி, ஒரே முறையில் பேரம் பேசப் பழக்கப்பட்டவர்களைப் புதிய கார் கேட்க அனுப்பினார். வெள்ளையின ஆண்களுக்குச் சொன்னதைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. அதே நாட்டில் 2003-இல் வெளியான வேறோர் ஆய்வு, இணையம் வழியே விலை கேட்டு வாங்கிய சிறுபான்மை இனத்தவர் ஏறத்தாழ வெள்ளையர் கொடுத்த விலையையே கொடுத்ததைக் கண்டது.

எனவே உங்கள் முகமும் சட்டையும் போவதற்கு முன்பே உங்கள் கேள்வி போகட்டும். எந்த மாடல், எந்த வகை, என்ன நிறம் என்று முடிவு செய்து, மூன்று நான்கு ஷோரூம்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் தனித்தனியாகக் காட்டிய மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். மாதத் தவணையைச் சொல்லித் திசைதிருப்பினால் விடாதீர்கள். கடன் காலத்தை நீட்டினால் எந்த விலையும் சிறியதாகத் தெரியும். கடன் வாங்குவதாக இருந்தால், வங்கியின் முன் ஒப்புதலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி பார்ப்பது வருமானத்தையும் பழைய கடனைக் கட்டிய ஒழுங்கையும்தான். பிறகு நேரம் குறித்துக்கொண்டு, ஓட்டுநர் உரிமத்துடன் போய் வண்டியை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தரும் வரி, "பணம் தயாராகத்தான் இருக்கிறது" என்பது. அவமானப்பட்டவர்கள் அடுத்த நாளே திரும்பி வந்து, தம்மால் முடியும் என்று காட்டுவதற்காகவே இன்னும் விலை கூடிய மாடலைப் பேரமே பேசாமல் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏளனம் செய்தவருக்குத்தான் அதில் ஊக்கத்தொகை கூடியது. கோபம் தணியும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.

அந்த ஷோரூமின் விலைதான் குறைவாக வந்தால், அங்கேயே வாங்குவதில் தவறில்லை. நேரே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வேறு விற்பனையாளரைக் கேளுங்கள். விற்பனை யார் பெயரில் பதிவாகிறது என்பதையும் முன்பணம் கட்டும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.