செந்தூல் பட்டறையின் பழைய படங்களை எங்கே தேடுவது?

கேள்வி: என் தாத்தா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் நினைவாகக் குடும்பத்தார் சேர்ந்து ஒரு சிறு நூல் அச்சிடுகிறோம். பட்டறை, ரயில்வே குவார்ட்டர்ஸ், அந்தக் காலத்துப் பத்துமலைத் தைப்பூசம் ஆகியவற்றின் படங்களைச் சேர்க்க ஆசை. கூகுளில் தேடினால் அதே நாலைந்து படங்கள்தான் வருகின்றன. வேறு எங்கே தேடலாம்? கிடைப்பதை நூலில் போடலாமா?
– வாசகி ஒருவர், செந்தூல்

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள் அம்மா. நீங்கள் கேட்கும் படங்களில் பல இருக்கவே செய்கின்றன. ஆனால் நீங்கள் தட்டும் சொற்களில் அவை இல்லை. பழைய படம் ஒன்று தேடலில் அகப்படுவது அதன் கீழே எழுதியிருக்கும் குறிப்பை வைத்துத்தான். அந்தக் குறிப்பை எழுதியவர் உங்கள் தாத்தாவோ அவருடைய கூட்டாளிகளோ இல்லை. வெள்ளைக்கார அதிகாரி, தோட்டத்துத் துரை, பட்டாளத்துக்காரர் இவர்களில் ஒருவராக இருப்பார். அவர் அன்று என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துத்தான் தேட வேண்டும்.

அதனால் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் பழைய பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் என்றால் எஃப்.எம்.எஸ். (ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்) ரயில்வே. போருக்குப் பின் மலாயன் ரயில்வே. அப்புறம்தான் கேடிஎம். படக்குறிப்பில் செந்தூல் என்ற பெயரே இல்லாமல் ‘சென்ட்ரல் ஒர்க்ஷாப்ஸ், கோலாலம்பூர்’ என்று மட்டும் இருக்கலாம். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் அன்று பத்து ரோடு. ஜாலான் துன் எச்.எஸ். லீ அன்று ஹை ஸ்ட்ரீட். போர்ட் கிள்ளான் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம். பினாங்கு என்றால் ஆங்கிலத்தில் ‘பி’க்கு அடுத்து ‘இ’ போட்டு ஒரு முறை, ‘ஐ’ போட்டு ஒரு முறை.

ஆட்களைத் தேடும்போது இன்னொன்றும் உண்டு. அந்தக் காலக் குறிப்புகளில் நம்மவர்கள் ‘கிளிங்’, ‘கூலி’, ‘மெட்ராசி’, ‘ஹிந்து’ என்றுதான் அதிகம் வருகிறார்கள். தட்டும்போதே மனசு வலிக்கும். இருந்தாலும் தட்டுங்கள். அந்தச் சொற்களை விட்டுவிட்டால் நம் ஆட்களின் படங்கள் பல கண்ணிலேயே படாது.

சரி, எங்கே தேடுவது? பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம், ஜாலான் துவாங்கு அப்துல் ஹலீமில் இருக்கிறது. ஜாலான் டூத்தா என்ற பழைய பெயரைச் சொன்னால் டாக்சிக்காரருக்குச் சட்டென்று தெரியும். அதன் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். அங்கே மலாய்ச் சொற்களையும் போட்டுப் பாருங்கள்: கெரெத்தா அப்பி (ரயில்), பெங்கெல் (பட்டறை), லாடாங் கெத்தா (ரப்பர் தோட்டம்). சில பதிவுகளில் படம் தெரியாது, விவரம் மட்டும்தான் இருக்கும். அதோடு விட்டுவிடாமல் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பழைய ரயில் படம் ஏதாவது இருக்கா’ என்று போய் நிற்பவரைவிட, எண்ணோடு போகிறவருக்கு வேலை சீக்கிரம் முடியும்.

ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தை வேறு ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். நாட்டில் வெளியாகும் நூல்களும் ஏடுகளும் சட்டப்படி அங்கே போய்ச் சேர வேண்டும். தொழிற்சங்க மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டுமலர் என்று கேட்டுப் பாருங்கள். துரைமார் ஆல்பத்தில் பெயரில்லாமல் நிற்கும் ஆட்கள், இப்படிப்பட்ட மலர்களில்தான் பெயரோடு நிற்பார்கள்.

அடுத்தது சிங்கப்பூர். அதன் தேசிய ஆவணக் காப்பகத்தில் மலாயாப் படங்களும் இருக்கின்றன. தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் உண்டு. செய்தித்தாள் படம் அச்சுக்கு ஆகாது. ஆனால் ஒரு நிகழ்ச்சி எந்த ஆண்டு, எந்த மாதம் நடந்தது என்பது அதில் தெரிந்துவிட்டால் மற்ற இடங்களில் தேடுவது சுலபம்.

கடல் கடந்து போனால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ராயல் காமன்வெல்த் சொசைட்டியின் தொகுப்பு இருக்கிறது. மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் ஆல்பங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனிகளை நிர்வகித்த அலுவலகத்தின் (கலோனியல் ஆபீஸ்) படங்களுக்கு சி.ஓ. 1069 என்ற தொகுப்பு எண். அதில் ஒரு பகுதியை ஃபிளிக்கர் என்ற படத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள பழைய நூல்களுக்குள் இருக்கும் படங்கள் படத்தேடலில் பெரும்பாலும் வராது, பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

உங்கள் தாத்தா போர்க்காலத்திலும் பட்டறையில் இருந்தாரா? 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே பட்டறையைக் குறிவைத்துக் குண்டு போட்டன. ஆகவே அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலிலும் ஒரு தேடல் போடுங்கள். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போனவர் யாராவது குடும்பத்தில் இருந்தால் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தொகுப்பைப் பாருங்கள்.

கிடைத்த படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். ‘1910 தைப்பூசம்’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் படிக்கட்டைப் பாருங்கள். மரப்படி கட்டியது 1920இல். இன்றுள்ள 272 கான்கிரீட் படிகள் வந்தது 1940இல். அடிவாரத்து முருகன் சிலை 2006இல் எழுந்தது, படிகளுக்கு வண்ணம் அடித்தது 2018இல். மரப்படி தெரிந்தாலே அது 1910 இல்லை. பிறகு அந்தப் படத்தை படத்தை வைத்தே படம் தேடும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ ஏற்றித் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். அது எந்த நூலகத்திலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அங்கே சரியான ஆண்டும் இருக்கும், பெரிய அளவுப் பிரதியும் இருக்கும்.

அளவு ஏன் முக்கியம் என்றால், நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 800 பிக்சல் அகலப் படத்தை ஏழு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக்கினால் தெளிவு குறையத் தொடங்கும். பக்கம் முழுக்கப் போட 1,800 பிக்சலாவது தேடுங்கள்.

இதற்கிடையில் உறவினர் வீட்டு அலமாரிகளையும் கேளுங்கள். செந்தூலில் பட்டறைக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கிடைக்கும் படத்தைக் கைபேசியில் எடுக்காமல் ஸ்கேனரில் 600 புள்ளியில் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணின் இலக்கங்களும் காலத்தைக் கணிக்க உதவும்.

இனி உரிமை. மலேசியச் சட்டத்தில் பொது விதி, படைத்தவர் இறந்து 50 ஆண்டுகள்வரை காப்புரிமை உண்டு. பிரிட்டனில் 70. உரிமை தீர்ந்த படத்துக்கும் அதை வைத்திருக்கும் காப்பகம் தன் நிபந்தனை சொல்லலாம். விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தால் படத்துக்குக் கீழே உள்ள உரிமத்தைப் படித்து, கேட்டிருக்கும் பெயரை அப்படியே நூலில் போடுங்கள். கூகுள் படத்தேடலிலும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களை, அதாவது உரிமையாளரே நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த அனுமதித்த படங்களை மட்டும் வடிகட்டலாம். ‘வணிகமல்லாத பயன்பாட்டுக்கு’ என்று இருந்தால், நூலை விற்கப் போகிறீர்களா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். படத்தின் பதிவு எண், நூலின் பெயர், எத்தனை பிரதி, விற்பனையா இலவசமா, பக்கத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்ற ஐந்தையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அச்சகத்தில் தேதி கொடுப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.