விறகு பாய்லருக்கு வெளியே போகிறது: ஸ்டீம் கேள்வி பதில்

திருப்பூர், சாயப்பட்டறை: சார், விறகுச் செலவு தாங்கவில்லை. எக்கனாமைசர் (புகைபோக்கி வெப்பத்தில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) போடலாமா?

போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்கைத் தொட்டுப் பாருங்கள். நிம்மதியாகக் கை வைக்க முடிந்தால் கன்டன்சேட், அதாவது ஸ்டீம் குளிர்ந்து உண்டான வெந்நீர், திரும்பி வரவில்லை என்று அர்த்தம். 7 பார் ஸ்டீம் வேலையை முடித்துத் தண்ணீரான பிறகும் அதில் கால் பங்கு வெப்பம் மிச்சம் இருக்கும். அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுப் புகைபோக்கியில் வெப்பம் தேடுவானேன்? ஃபீட் தண்ணீர் 6 டிகிரி ஏறினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் குறையும். 30 டிகிரித் தண்ணீரை 85க்குக் கொண்டுவந்தால் 9 சதவீதம். கன்டன்சேட்டில் உப்பு கிட்டத்தட்ட இல்லாததால் ப்ளோடவுனும் (உப்பு சேராமல் இருக்கப் பாய்லர் தண்ணீரை வெளியே விடுவது) குறையும். சாயக்கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாத ஊரில் இந்தத் தண்ணீரே தனி லாபம்.

அதே பட்டறை: ஆனால் கன்டன்சேட் கலராக வருகிறதே?

சாயத்தைச் சூடாக்கும் ஸ்டீம் குழாய்ச் சுருளான காயிலில் எங்கோ ஓட்டை. ஸ்டீமை மூடியதும் காயிலுக்குள் வெற்றிடம் உண்டாகி சாயத்தை உள்ளே இழுக்கும். ஓட்டையை அடைத்து, வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் வாக்குவம் பிரேக்கர் போடுங்கள். திரும்பும் லைனில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் வைத்து, அளவு தாண்டினால் தானே வெளியே தள்ளும் வால்வு ஒன்றும் வையுங்கள். பாய்லருக்குள் சாயம் போகவே கூடாது.

ஈரோடு, சைஸிங் (நூலுக்குக் கஞ்சி போடும் ஆலை): டேங்க் 80 டிகிரி தாண்டினால் பம்ப் இழுப்பதில்லை. பச்சைத் தண்ணீர் கலக்கிறோம்.

காசு கொடுத்துச் சூடாக்கியதைக் காசு கொடுத்து ஆற்றுகிறீர்கள்! பம்ப் உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவதால் வெந்நீர் அங்கேயே குமிழாகிவிடுகிறது. டேங்கை உயரத்தில் ஏற்றுங்கள், சக்‌ஷன் பைப்பைப் பெரிதாக்கி வளைவுகளைக் குறையுங்கள். அதற்கு முன் ஸ்ட்ரெய்னரை (பம்புக்கு முன் உள்ள வடிகட்டி) கழற்றிப் பாருங்கள், பாதி இடங்களில் குற்றவாளி அதுதான்.

பல்லடம்: டிராப் (ஸ்டீமை நிறுத்தி, கன்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் வால்வு) கெட்டுவிட்டதா என்று டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்த்தால் போதுமா?

அடைத்துக்கொண்ட டிராப் ஆறிக் கிடக்கும், அதை மட்டும் கன் சொல்லும். திறந்தபடி நிற்கும் டிராப்பும் நல்ல டிராப்பும் ஒரே மாதிரிதான் சுடும். டிராப்புக்குப் பின்னால் ஒரு சோதனை வால்வு வைத்து, திரும்பும் லைனை மூடிவிட்டு அதைத் திறந்து பாருங்கள். தண்ணீரோடு சோம்பலாகப் புகை வந்தால் அது அழுத்தம் குறைந்ததும் கன்டன்சேட்டில் இருந்தே கிளம்பும் ஃப்ளாஷ் ஸ்டீம், கவலை இல்லை. வாயருகே கண்ணுக்கே தெரியாமல் சீறி, கொஞ்சம் தள்ளி வெள்ளையானால் அது வேலை செய்யாமலே தப்பும் உயிர் ஸ்டீம். 3 மில்லிமீட்டர் ஓட்டை 7 பாரில் மணிக்கு 25 முதல் 30 கிலோ ஸ்டீமைக் குடித்துவிடும். அப்புறம் டிராப்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வு. டிராப் நன்றாகவே இருக்கும், யாரோ 'சீக்கிரம் சூடாகட்டும்' என்று பைபாஸைத் திறந்துவிட்டுப் போயிருப்பார்.

காங்கேயம், அரிசி ஆலை: உமி எங்களுடையதுதான். எதற்கு மிச்சப்படுத்த வேண்டும்?

மிஞ்சிய உமியை விற்கலாமே. நெல் வேகும் இடத்தில் ஸ்டீம் நேரே நெல்லுக்குள் போகிறது, அங்கே திரும்ப எடுக்க ஒன்றும் இல்லை. டிரையரின் காயிலில் இருந்து வரும் கன்டன்சேட்டைப் பிடியுங்கள்.

பவானி: பாய்லரை 7 பாரில் இருந்து 3 பாருக்கு இறக்கினால் மிச்சமா?

இறக்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் ஸ்டீம் பருமன் கூடி வேகமாகக் கிளம்பும், தண்ணீரையும் அள்ளிக்கொண்டு போகும். பாய்லர் 7லேயே ஓடட்டும். மெஷின் பக்கத்தில் குறைப்பு வால்வு போட்டு 3 ஆக்குங்கள், அதற்கு முன் ஸ்டீமில் உள்ள தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டர் ஒன்று அவசியம்.