50 பள்ளி வேண்டாம், நான்கு போதும்

கேள்வி: நாங்கள் 11 பேர். எல்லோரும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது திருவண்ணாமலையில் கல்லூரியில் படிக்கிறோம். காலை ஷிஃப்ட் என்பதால், மதியம் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்த் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறோம். இந்த வருடம் 22 பள்ளிகள் ஆகிவிட்டன. எங்கும் நல்ல கைதட்டல். ஆனால் போன மாதம் ஒரு தலைமை ஆசிரியை, ‘நல்லா பேசினீங்க தம்பி. போன வருஷமும் ஒரு குழு வந்து இதையேதான் பேசிட்டுப் போச்சு’ என்றார். அதிலிருந்து மனசு சரியில்லை. குழுவில் சிலரோ அடுத்த வருடம் 50 பள்ளி என்கிறார்கள். நாங்கள் செய்வதில் பயன் இருக்கிறதா?
- வாசகர், செங்கம்

பதில்: தம்பி, அந்த அம்மா உங்களை விரட்டவில்லை. வேண்டாத விருந்தாளி என்றால் டீ கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பியிருப்பார். உங்களிடம் வேறு ஏதோ எதிர்பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே போய், ‘எந்த வகுப்புக்கு என்ன தேவை மேடம்?’ என்று கேளுங்கள்.

50 வேண்டாம், 22-உம் வேண்டாம். நான்கு பள்ளிகளை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்க அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போங்கள். மைதானத்தில் எல்லா வகுப்பையும் உட்காரவைத்து மைக்கில் பேசினால் கைதட்டல் வரும், கேள்வி வராது. கலாம் பெயரைச் சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சு நம் ஊரில் கிடையாது. ஆனால் அவர் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிட்டுப் பதில் சொல்வாரே, அதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு வகுப்பு, உங்களில் இரண்டு பேர், அவ்வளவு போதும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொல்லுங்கள். காலேஜுக்கு எவ்வளவு செலவாகும், ஹாஸ்டலில் சேர முடியுமா, இங்கிலீஷ் வராவிட்டால் ஃபெயில் ஆகிவிடுவோமா, அப்பா வேலைக்குப் போகச் சொன்னால் என்ன செய்வது என்றுதான் எழுதுவார்கள். ‘கனவு காணுங்கள்’ என்பது இதில் எதற்கும் பதில் ஆகாது. முதல் செமஸ்டரில் உங்களுக்கு அரியர் விழுந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், எப்படி எழுதி முடித்தீர்கள் என்பதையும் சேர்த்து. தெருவிளக்கில் படித்து கலெக்டரானவர் கதையைவிட, அதே பஸ்ஸில் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்த அண்ணன் தப்பித்த கதை அவர்களுக்கு நம்பும்படி இருக்கும்.

அப்புறம், கையில் தகவல் இல்லாமல் போகாதீர்கள். எட்டாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, பள்ளியில் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அதில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில், ‘பிள்ளையை ப்ளஸ் டூ வரை நிறுத்தாதீர்கள்’ என்று நீங்கள் ஆயிரம் முறை சொல்வதை அந்த 48,000 ரூபாய் ஒரே தடவையில் சொல்லிவிடும். தேர்வில் பாதி மனத்திறன் கேள்விகள். வாரம் ஒரு மதியம் அதற்குப் பயிற்சி கொடுக்க உங்களால் முடியாதா?

பன்னிரண்டாம் வகுப்பு வேறு கதை. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022-இல் வந்தது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல். பெயர் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் காகிதத்தில்தான். ரிசல்ட் மே மாதம் வரும், விண்ணப்பங்களும் அதை ஒட்டியே திறக்கும். அந்த நேரத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்தில் அலைவார்கள். ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தாரிடம் முடியாது, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்றிருக்கும். இதையெல்லாம் டிசம்பருக்குள் பார்த்துவிட வேண்டும். மே மாதம் நீங்கள் ஒரு லேப்டாப்போடு பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு வாரம் நீங்கள் பேசிய எல்லாப் பேச்சையும்விடப் பெரிது.

பொறியியல் மட்டுமே உயர்கல்வி என்று பேசிவிடாதீர்கள். பத்தாம் வகுப்போடு நிற்கப்போகிறவனுக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காருவது அந்தப் பேச்சுக்குத்தான்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் பேசியது 2024 செப்டம்பரில் பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும். தெரிந்த ஆசிரியர் கூப்பிட்டார் என்று போகாமல், என்ன பேசப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். பிள்ளைகளிடம் போன் நம்பர் வாங்கவோ கொடுக்கவோ கூடாது, இன்ஸ்டாகிராமும் கூடாது. வீட்டுக் கொடுமையையோ கல்யாணப் பேச்சையோ ஒரு பெண் சொல்லிவிட்டால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆசிரியையிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

50 பள்ளி கேட்கும் நண்பர்களுக்கு உண்மையில் வீடியோதான் வேண்டும் என்பது என் சந்தேகம். பிள்ளைகள் முகம் தெரியாமல் எடுக்கச் சொல்லுங்கள், பாதி ஆசை அடங்கிவிடும்.

இன்னொன்று. நீங்கள் மூன்றாமாண்டு முடித்துப் போனதும் குழு கலைந்தால், அந்த நான்கு பள்ளிகளுக்கும் நீங்கள் ‘போன வருஷம் வந்த குழு’தான். முதலாமாண்டு மாணவர்கள் மூன்று பேரை இப்போதே சேருங்கள். பள்ளிக்கு ஒரு நோட்டு போட்டு, யாருக்கு எந்தச் சான்றிதழ் பாக்கி என்று எழுதி, அதைப் பள்ளியிலேயே வைத்துவிடுங்கள். அதில் பிள்ளைகளின் சொந்த விவரம் இருக்கும். உங்கள் அறையில் கிடக்கக் கூடாது.