எடைப் பட்டியல் எங்கே?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு அடி நீளத்தில், இரண்டு பேர் ஏரியில் துடுப்புப் போட்டுப் போக ஒரு தட்டையடிப் படகை ஃப்ரீஷிப் என்ற படகு வரையும் மென்பொருளில் வரைந்திருக்கிறேன். 6 மி.மீ. பிளைவுட், பலகைகளைக் கம்பியால் தைத்து எபாக்சிப் பசையால் ஒட்டும் முறை. நீர்க்கோட்டில் அகலம் 90 செ.மீ., மூழ்கும் ஆழம் 10 செ.மீ. படகின் எடை 135 கிலோ என்று மென்பொருள் காட்டுகிறது. அதிகமோ என்று சந்தேகம். ரைனோ என்ற வேறு மென்பொருளுக்கு மாறினால் இன்னும் துல்லியமாக வருமா? பிற்பாடு பாய் சேர்க்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

ரைனோ வேண்டாம், இந்தப் படகுக்கு ஃப்ரீஷிப்பே தாராளம். பாயையும் இப்போது மறந்துவிடுங்கள். அதற்குச் சுக்கான், நடுவே தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகை, அகலமான உடல் எல்லாம் வேண்டும். அது வேறு படகு.

உங்கள் கோடுகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அணியம் என்னும் முன்முனையிலிருந்து பின்பலகை வரை பக்கவிளிம்பு எங்கும் முண்டு தட்டாமல் ஓடுகிறது. முதல் முறை வரைகிறவருக்கு அது எளிதில் அமையாது. ஆனால் "படகின் எடை 135 கிலோ" என்ற வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. புதிதாக வரைகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான் என்று எழுத வேண்டுமென்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது.

தம்பி, உங்கள் படகின் எடை அந்த மென்பொருளுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லையே! 10 செ.மீ. ஆழம் என்று தட்டியது நீங்கள். அந்த ஆழத்துக்கு அமிழ்ந்தால் உடல் ஒதுக்கும் தண்ணீர் 135 கிலோ, அவ்வளவுதான். ஆழத்தை 15 என்று மாற்றிப் பாருங்கள், 235 பக்கம் போய் நிற்கும். அதற்குள் படகு நூறு கிலோ பருத்துவிட்டதா? குடத்தின் வெளியே ஒரு கோடு போட்டுவிட்டு, உள்ளே அதுவரை தண்ணீர் இருக்கிறது என்று நம்புவது போன்றது இது.

மென்பொருளை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். எடையைக் கீழிருந்து கூட்டுங்கள். அடிப்பலகை, பக்கப்பலகைகள், பின்பலகை, இருக்கைகள் எல்லாம் சேர்த்து உங்கள் படகுக்குச் சுமார் 6.6 சதுர மீட்டர் பிளைவுட் ஆகும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட மரைன் பிளை, எட்டுக்கு நாலு ஷீட், 6 மி.மீ. கனத்தில் பன்னிரண்டரை கிலோ வரும். அதாவது சதுர மீட்டருக்கு 4.2 கிலோ, ஆக 28. மேல்விளிம்புச் சட்டமும் அடியில் வைக்கும் கட்டைகளும் 6. எபாக்சி, மூலையில் பூசும் கூழ், கண்ணாடியிழை நாடா 8. பெயின்ட் 2. வெற்றுப் படகு 44 கிலோ. இது மிகை என்று நினைக்க வேண்டாம். 1963-இல் பிரிட்டனில் வெளிவந்த மிர்ரர் டிங்கி என்ற சிறு பாய்ப்படகும் தைத்து ஒட்டும் படகுதான். உங்களுடையதைவிட நீளம் குறைவு, 3.3 மீட்டர்தான். அதன் உடலே 45 கிலோவைத் தாண்டும்.

இனி ஆட்கள் இருவர் 140. துடுப்பு 4, நங்கூரமும் கயிறும் 6, தண்ணீர், பை என்று இன்னொரு 6. மொத்தம் 200 கிலோ. நீங்கள் வரைந்த கோடு தாங்குவது 135. மிச்சம் 65 கிலோவை யார் தாங்குவது? படகு கீழே இறங்கித்தான் தாங்கும். உங்கள் நீர்க்கோட்டுப் பரப்பு 1.8 சதுர மீட்டர் இருக்கும், அதனால் ஒரு செ.மீ. இறங்கினால் 18 கிலோ. ஏறக்குறைய மூன்றரை செ.மீ. இறங்கும். பின்பலகையின் கீழ்விளிம்பை நீர்க்கோட்டுக்கு 2 செ.மீ. மேலே அழகாக வைத்திருக்கிறீர்கள். அது இப்போது ஒன்றரை செ.மீ. தண்ணீருக்குள். துடுப்புப் படகில் பின்பலகை நனைந்தால் பின்னால் சுழல் கிளம்பி இழுக்கும், எவ்வளவு வலித்தாலும் படகு ஓடாது.

அதோடு தீரவில்லை. ஒவ்வொரு எடையும் அணியத்திலிருந்து எத்தனை மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் படத்தின்படி உடல் 44 கிலோ 1.85-இல், துடுப்புப் போடுபவர் 1.8-இல், பின்னிருக்கைக்காரர் 2.9-இல், சாமான்கள் 1.0-இல். பெருக்கிக் கூட்டி 200-ஆல் வகுத்தால் 2.13 மீட்டர். மென்பொருள் காட்டும் மிதப்பு மையமோ, அதாவது தண்ணீர் படகைத் தாங்கும் புள்ளியோ, 1.9. எடை 23 செ.மீ. பின்னால் இருக்கிறது. பின்பக்கம் இன்னும் ஐந்தாறு செ.மீ. அமிழும், அணியம் வானத்தைப் பார்க்கும். இரண்டு இருக்கைகளையும் 30 செ.மீ. முன்னால் தள்ளுங்கள், துடுப்பைத் தாங்கும் கொண்டியும் கூடவே நகரட்டும். 1.92 வந்துவிடும். பிறகு ஆழத்தை 13.5 என்று கொடுத்து, 200 கிலோ வருகிறதா, மிதப்பு மையம் எங்கே நகர்ந்தது என்று பார்த்துவிட்டுப் பின்பலகையை உயர்த்துங்கள். உயர்த்தினால் படகு ஒதுக்கும் தண்ணீரின் அளவு மாறும், மறுபடி பாருங்கள். மூன்று நான்கு சுற்று ஆகும், சலிக்காதீர்கள். ஏரி நீருக்கு அடர்த்தி 1.000, மென்பொருளில் கடல்நீரின் 1.025 கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

90 செ.மீ. அகலம் ஆடும். நீர்க்கோட்டு அகலத்தை ஒரு மீட்டர் ஆக்கினால் ஆட்டத்தை எதிர்க்கும் பரப்பின் வலு 1.37 மடங்காகும், ஏனென்றால் அகலம் அங்கே மும்மடியாகப் பெருகுகிறது. ஆக்கினால் மேலே சொன்ன கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் காற்றுப் புகாமல் மூடிய அறைகள் உங்கள் படத்தில் இல்லை. அவை இல்லாமல் இருவரை ஏற்றவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பலகைகளின் எடையையும் சேருங்கள்.

பலகை வெட்டும் கோப்பை இப்போதே கடைக்கு அனுப்பப்போவதாக ஒரு படத்தில் குறித்திருக்கிறீர்கள். நிறுத்துங்கள். பிளைவுட் ஒரு பக்கமாகத்தான் வளையும், கிண்ணமாக வளையாது. அணியத்தருகே உங்கள் பக்கப்பலகை இரு பக்கமும் வளைவதாகத் தெரிகிறது. மென்பொருள் அதையும் விரித்துத் தட்டையாக்கிக் கொடுத்துவிடும், தைக்கும்போதுதான் விளிம்புகள் சேராது. அடிப்பலகையின் விளிம்பு நீளமும் அதோடு சேரும் பக்கப்பலகை விளிம்பின் நீளமும் இரண்டு மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். பலகைகளை 1:10 அளவில் ஏ3 தாளில் அச்சிட்டு, அரை மி.மீ. அட்டையில் ஒட்டி வெட்டி, நாடாவால் சேர்த்துப் பாருங்கள். அட்டை சுருங்கும் இடத்தில் பலகை பிளக்கும். ஷீட்டின் நீளம் 2.44 மீட்டர்தான் என்பதால் ஒவ்வொரு நீளப் பலகையிலும் ஒட்டு வரும். விளிம்புகளைச் சாய்வாகச் சீவி ஒட்டும் சாய்வொட்டு 1:8 என்றால் 48 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அதை வெட்டுப்படத்தில் கூட்டியிருக்கிறீர்களா?

பட்டியலைப் போட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வண்ணப் படங்கள் வேண்டாம்.