‘நன்றாக வந்திருக்கிறது’ என்கிறார் டாக்டர். எனக்கு அப்படித் தோன்றவில்லையே?

கேள்வி: என் வயது 46. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை அகற்றி, அதே அறுவை சிகிச்சையில் சிலிகான் இம்பிளான்ட் வைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து 9 மாதங்கள் ஆகின்றன. புகைப்படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார். எனக்கோ அந்தப் பக்கம் கெட்டியாக, மேலேறி நிற்பதாகத் தெரிகிறது. உயிர் பிழைத்ததே பெரிது, இதற்குப் போய்க் குறை சொல்வதா என்று பேசாமல் வந்துவிட்டேன். நான் பேராசைப்படுகிறேனா?

பதில்: நிச்சயமாக இல்லை. நோயிலிருந்து மீண்டதற்காக நிம்மதி அடைந்தவர், மீண்ட உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. நீங்கள் பேசாமல் வந்ததுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் டாக்டரும் தவறாகச் சொல்லவில்லை. கைகளைத் தொங்கவிட்டு ஒன்று, உயர்த்தி ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று படம் எடுப்போம். இரு பக்கத்தின் அளவு, கீழ் மடிப்பின் உயரம், தழும்பு, தோலின் நிறம் ஆகியவற்றை ஒப்பிட்டு ‘மிக நன்று, நன்று, சுமார், மோசம்’ என நான்கில் ஒன்றைக் குறிப்போம். மார்பகத்தை அகற்றாமல் செய்யும் சிகிச்சைக்காக 1979-இல் வந்த முறை இது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. மல்லாந்து படுத்தால் வலது மார்பகம் பக்கவாட்டில் சரிகிறது, இடது அசையாமல் நிமிர்ந்தே நிற்கிறது. தோலில் விரல் வைத்தால் விரலுக்குத் தெரிகிறது, தோலுக்குத் தெரிவதில்லை. இவை எந்தப் படத்திலும் விழாது, உங்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே 2009-இல் ‘பிரெஸ்ட்-க்யூ’ என்ற வினாத்தாள் வெளிவந்தது. நிரப்புபவர் நோயாளியேதான். தோற்றத்தில் நிறைவு, மனநிலை, மார்புப் பகுதியின் வலியும் இறுக்கமும், தாம்பத்திய வாழ்வு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை தனி மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக ஆக்குவதில்லை. அது மிகச் சரி என்பேன். உடை உடுத்தியபின் கண்ணாடி முன் நிம்மதியாக நிற்கும் பெண்ணே, உடை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே எண்ணில் எப்படி அடக்குவது?

இனி, நீங்கள் சொல்லும் கெட்டித்தன்மை. இம்பிளான்டைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய உறையை உண்டாக்கும். எல்லோருக்கும் அது உண்டு. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி, இம்பிளான்டை இறுக்கி மேலே தள்ளும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். இதையும் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம்: இயல்பான மென்மை முதல் நிலை, கெட்டியாகி வடிவமும் மாறியிருந்தால் மூன்றாவது, வலியும் சேர்ந்தால் நான்காவது. உங்கள் வர்ணனை மூன்றாவதை நினைவூட்டுகிறது. ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன்.

கதிர்வீச்சு பட்ட திசு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இன்றைய ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முதலில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘படுத்த நிலையிலும் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், இது எத்தனையாவது நிலை?’ என்று நேராகக் கேளுங்கள். திருத்த வழிகள் உண்டு: இறுகிய உறையை அகற்றி இம்பிளான்டை மாற்றுவது, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து வைப்பது, கொழுப்பை ஊசி மூலம் நிரப்புவது, வலது மார்பகத்தை இதற்கு ஏற்றாற்போல் உயர்த்துவது. இம்பிளான்டை மட்டும் மாற்றினால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் மறுபடியும் இறுகலாம். அதையும் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். எதுவும் செய்யாமல் விடுவதும் உங்கள் உரிமைதான். தொடு உணர்ச்சி மட்டும் முழுமையாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மார்பகத்தை அகற்றும்போதே நரம்புகள் அறுபட்டிருக்கும்.

புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, அந்தப் பக்கம் திடீரென்று வீங்கினாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள்.