தவிலுக்கு முன்னால் நடந்தது

வணக்கம் டீச்சர்,

எனக்கு ஒரே பையன், மூன்றரை வயது. போன மாதம் என் கொழுந்தனார் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் கத்த ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. பட்டுச்சட்டையைப் பிய்த்தான், தலையைத் தரையில் மோதிக்கொண்டான். லட்டு, போன் எதைக் காட்டியும் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டேன். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக மாமியார் சொல்கிறார். வீட்டிலும் வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படித்தான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டினால்தான் போடுவான். ஆட்டிசமோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தத் தேதி குறித்திருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

லட்டையும் போனையும் காட்டியும் அவன் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றேன். கடையில் பொம்மை கேட்டு அழும் பிள்ளை நடுநடுவே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். பொம்மை கைக்கு வந்ததும் ஓய்ந்துவிடும். ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை அது சகஜம், உங்கள் மகனிடமும் அது இருக்கும். ஆனால் மண்டபத்தில் அவன் எதையும் கேட்டு அழவில்லை. அவனால் அங்கே இருக்க முடியவில்லை, அதைச் சொல்லும் வார்த்தையும் அவனிடம் இல்லை.

ஐம்புலன் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அதற்கு மேலும் உண்டு. உடம்பு சாயாமல் நிற்க உதவும் உணர்வு ஒன்று உள்காதில் இருக்கிறது. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு இன்னொன்று. இவை எல்லாம் கொண்டுவருவதை மூளை சலித்து, வேண்டாததை ஒதுக்குகிறது. லேபிள் உரசுவதை நாம் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவோம். சில பிள்ளைகளுக்கு அந்தச் சல்லடை அப்படி வேலை செய்வதில்லை. காலையில் உரசிய லேபிள் மாலைவரை உரசிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் அக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளராக இருந்த ஜீன் ஏர்ஸ் 1972-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

இப்போது கல்யாண நாளைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பியிருப்பீர்கள். கழுத்தில் ஜரிகை. மண்டபம் முழுக்கப் பூவும் சந்தனமும் சாம்பிராணியும். கன்னத்தைக் கிள்ளும் கைகள், மைக் சத்தம், நேரம் தப்பிய சாப்பாடு. மயிலிறகே ஆனாலும் அளவுக்குமேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். எல்லோரும் தவிலைத்தான் பார்த்தார்கள், அதற்கு முந்தைய ஐந்து மணி நேரத்தை யாரும் பார்க்கவில்லை. எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். கத்தலைப் பற்றி ஒரு வரி போதும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை விரிவாக எழுதுங்கள்: தூக்கம், சாப்பாடு, மலம் போனானா, என்ன உடுத்தியிருந்தான், எங்கே இருந்தான். மாமியாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அந்த நோட்டைக் காட்டினால் போதும்.

நான் பாலர் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு சிறுமி தினமும் ஷூவைக் கழற்றி எறிவாள். அடம் என்று நினைத்து, பல வாரம் அழ அழ மாட்டிவிட்டேன். சாக்ஸின் விரல் பக்கத் தையல்தான் காரணம் என்று அவளுடைய பாட்டி கண்டுபிடித்தார். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டதும் அழுகை நின்றது. அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆட்டிசம் பற்றிக் கேட்டீர்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் திருத்திய வரையறையில், ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இந்தப் புலன் சிக்கலும் சேர்க்கப்பட்டது. ஆனால் ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடமும் இது உண்டு, தனி நோயாக அந்தப் பட்டியலில் இல்லை. பெயர் சொன்னால் திரும்புகிறானா, பிடித்ததை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, பொம்மைக்குச் சோறூட்டுவதுபோல் விளையாடுகிறானா, முன்பு பேசிய சொற்களை விட்டுவிட்டானா? இதையெல்லாம் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரீல்ஸை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே சமயம், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். அரை மணி நேரத்துக்குமேல் நீள்கிறது, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் காட்டித்தான் ஆக வேண்டும்.

முதலில் காது. நடுக்காதில் சீழோ நீரோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, குறட்டை விட்டுக் கெடும் தூக்கம், இவையும் பிள்ளையைப் படுத்தி எடுக்கும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவ மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையங்கள் உண்டு, கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள். தனியார் தெரபி என்றால், வீட்டில் என்ன செய்வது என்று உங்களையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள். இத்தனை மாதத்தில் குணமாக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

அவன் கத்தும்போது பேச்சைக் குறையுங்கள். வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்துக்குத் தூக்கிப் போங்கள், தலைக்கடியில் தலையணை வையுங்கள். இறுக்கி அணைத்தால் சில பிள்ளைகள் அடங்கும், சில பிள்ளைகள் இன்னும் திமிறும். அவன் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். ஓய்ந்த பிறகு தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் புத்தி சொல்ல வேண்டாம். மிக்ஸி போடுமுன் சொல்லிவிட்டு, ஸ்விட்சை அவனையே போடச் சொல்லிப் பாருங்கள். சப்பாத்தி மாவு பிசைவது, தண்ணீர் வாளியை நகர்த்துவது போன்ற வேலைகள் பல பிள்ளைகளின் உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவரும். தூளி கட்ட இடமிருந்தால் கட்டுங்கள். உள்ளே சுருண்டு படுத்து ஆடுவது பிடித்தால் ஆடட்டும்.

அடித்ததற்காக உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம். ‘அம்மா அடிச்சது தப்பு, இனி அடிக்க மாட்டேன்’ என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். மூன்றரை வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

மொட்டையும் காதுகுத்தும் அடுத்த மாதம் வேண்டாம். கூட்டம், மேளம், தலையில் கத்தி, காதில் ஊசி எல்லாம் ஒரே காலையில் என்றால் கல்யாணத்தைவிடக் கடினமாக இருக்கும். குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்துவையுங்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் இரண்டையும் வேறு வேறு நாளில் வையுங்கள், மேளம் வேண்டாம். காதைப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.